பியூஸ் எரியவில்லை, வயர்தான் எரிந்தது



போன எபிசோட்டில் கதை எங்கேயோ தொடங்கி, கடைசிப் பத்து நிமிடம் எங்கட வீட்டுப் பழைய லேண்ட்குரூசரில் போய் நின்றது. அதைக் கேட்ட சிலர், "அண்ணா, அந்த லைட் வயரிங்கை எழுத்தில தாங்கோ. காதால கேட்டா 85, 86 எல்லாம் தலை சுத்துது" என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அதனால் இந்த முறை கிளவுட், கண்டெய்னர் எல்லாத்துக்கும் லீவு. 12 வோல்ட் மட்டும்தான்.

வண்டி 1994ஆம் ஆண்டு 80 சீரிஸ் லேண்ட்குரூசர், 4.5 லீட்டர் பெற்றோல் எஞ்சின். 2008இல் அப்பா கைமாறி வாங்கினது. "நாலு பேர் கோயிலுக்குப் போக இவ்வளவு பெரிய வண்டி ஏன்?" என்று அம்மா இன்றைக்கும் கேட்பா. அப்பாவுக்கு இரவில் ஓடக் கண் விடாது என்று ஆன பிறகு அது என் கைக்கு வந்தது. இப்போது அதில் இருக்கிற எல்.ஈ.டி லைட் பார் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் அதற்கு முந்தின வயரிங்கைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதைச் செய்ததும் நான்தான்.

கோபாருக்கு அங்கால ஓர் இரவு

இரண்டு வருடத்துக்கு முந்தின ஏப்ரல் பள்ளி விடுமுறை. சிட்னியிலிருந்து புரோக்கன் ஹில் போகிறோம். கோபார் தாண்டினால் வில்கேனியா வரைக்கும் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை. பொழுது படுகிற நேரம் கங்காரு ரோட்டுக்கு வரும். அதற்காகத்தான் கூரையில் லைட் பார். முன்னால் நானும் அத்தானும். பின்னால் அக்காவும் பிள்ளையள் இரண்டு பேரும். சின்னவன் நித்திரை.

மூத்தவள்தான் முதலில் சொன்னாள்: "மாமா, என்னவோ மணக்குது."

பிளாஸ்டிக் கருகிற மணம். அடுத்த நொடி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்து புகை. லைட் பார் அணைந்து போயிற்று. லைட் சுவிட்சை நிறுத்தினேன், புகை நிற்கவில்லை. ஓரம் கட்டித் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன், அப்போதும் நிற்கவில்லை. அக்கா பிள்ளையளை இழுத்துக்கொண்டு இறங்கி ஓடினா. அப்பா எப்போதும் டிரைவர் கதவுப் பொக்கற்றில் ஒரு 10 மில்லிமீற்றர் ஸ்பானர் வைத்திருப்பார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. பொனட்டைத் திறந்து, அந்த ஸ்பானரால் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகுதான் புகை அடங்கியது. மொத்தமாக ஒரு நிமிடம் இருக்கும்.

கருகிய வயரை வெட்டி எறிந்துவிட்டு, ஹெட்லைட் வெளிச்சத்தில் 80இல் ஊர்ந்து வில்கேனியா போய்ச் சேர்ந்தோம். ஒருவரும் கதைக்கவில்லை.

அடுத்த நாள் காலை வெயிலில் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. நான் பியூஸ் போடாமல் விடவில்லை. பியூஸ் இருந்தது. 15 அம்பியர், நல்ல சாமான். அது எரியவே இல்லை. புதுசு மாதிரி இருந்தது.

பியூஸ் யாருக்குக் காவல்?

2016இல், கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்த மிதப்பில் நான் செய்த வயரிங் இதுதான்: பற்றரி பொசிட்டிவ் முனையிலிருந்து ஒரு வயர். அது எஞ்சின் பக்கத்துக்கும் கபினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் ஒரு ஓட்டை வழியே உள்ளே வந்து டாஷ்போர்ட் சுவிட்சுக்குப் போகும். அங்கிருந்து கண்ணாடி ஓரத்தால் கூரைக்கு ஏறும். கூரையில், லைட் பாருக்குப் பக்கத்தில், பியூஸ்.

ஏன் அங்கே? லைட்டைக் காப்பாற்றத்தானே பியூஸ், லைட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அது பிழை. பியூஸ் காப்பாற்றுவது வயரை. லைட் பழுதானால் ஒரு லைட் போச்சு, அவ்வளவுதான். வயர் எங்கேயாவது தோல் உரிந்து வண்டியின் இரும்பைத் தொட்டால், பற்றரியில் இருக்கிற முழுச் சக்தியும் அந்த வயருக்குள்ளால் ஓடப் பார்க்கும். எங்கள் வண்டியில் நடந்தது அதுதான். தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் போடாமல் விட்டிருந்தேன். வருசக்கணக்காக வயர் தகட்டு விளிம்பில் உரசி உரசி, அன்றிரவு செம்பு இரும்பைத் தொட்டது. தொட்ட இடத்திலிருந்து கரண்ட் நேரே பொடி வழியாகப் பற்றரிக்குத் திரும்பிவிட்டது. கூரையில் இருந்த பியூஸ் வரைக்கும் அது போகவே இல்லை. பிறகு எப்படி எரியும்? சுவிட்சும் அந்த இடத்துக்கு அங்காலதான் இருந்தது. அதனால்தான் சுவிட்சை நிறுத்தியும் பயன் இல்லை, திறப்பைத் திருப்பியும் பயன் இல்லை.

சின்னக் கணக்கு ஒன்று. பற்றரியின் உள்தடை, வயரின் தடை, தொட்ட இடத்தின் தடை எல்லாம் சேர்த்துத் தாராளமாக 50 மில்லி ஓம் என்று வைப்போம். 12.6 வோல்ட்டை 0.05 ஓமால் பிரித்தால் 252 அம்பியர். அதை 12.6ஆல் பெருக்கினால் 3 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம். வீட்டில் தேத்தண்ணி வைக்கிற கேத்தில் 2.2 கிலோவாட் அளவுதான். அதைவிடக் கூடிய சூடு, பென்சில் மொத்தம்கூட இல்லாத ஒரு வயரில், என் கால்மாட்டில்.

அதே 15 அம்பியர் பியூஸ் பற்றரிக்குப் பக்கத்தில் இருந்திருந்தால், அந்த 252 அம்பியருக்குக் கண் இமைக்க முன்னம் அறுந்திருக்கும். லைட் அணைந்திருக்கும். "என்னடா லைட் போச்சு" என்று சொல்லிக்கொண்டு போயிருப்போம். மூத்தவளுக்கு ஒரு மணமும் வந்திராது.

அதனால் விதி ஒன்று: பியூஸ் பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ஏனென்றால் பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையில் இருக்கிற வயருக்கு ஒரு காவலும் இல்லை. அந்தத் துண்டு எவ்வளவு கட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

விதி இரண்டு: பியூஸின் அளவு லைட் இழுக்கிற கரண்டை விடக் கொஞ்சம் கூட, வயர் தாங்குகிற கரண்டை விடக் குறைவு. லைட் 9 அம்பியர் இழுத்தால் 15 அம்பியர் பியூஸ், 15ஐ விடக் கூடத் தாங்குகிற வயர். பியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 போடாதேங்கோ. ஏன் போகிறது என்று தேடுங்கோ.

பெட்டியில் இருக்கிற எண்ணை நம்பாதேங்கோ

லைட் பார் பெட்டியில் 240 வாட் என்று போட்டிருந்தது. மீற்றரால் அளந்தால் எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட்டில் 8.7 அம்பியர், அதாவது 120 வாட். உள்ளே இருக்கிற எல்.ஈ.டி சில்லுகளின் உச்ச அளவைக் கூட்டிப் பெட்டியில் போடுகிறார்கள். லைட் உண்மையில் இழுப்பது வேறு. வயரையும் பியூஸையும் அளந்த எண்ணுக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அளக்கக் கிளாம்ப் மீற்றர் வாங்குகிறீர்கள் என்றால் டி.சி. அளக்குமா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான பலது வீட்டு ஏ.சி. கரண்டை மட்டும்தான் காட்டும்.

வயரிலும் ஒரு பொறி இருக்கு. ஆஸ்திரேலியாவில் கார்ச் சாமான் கடையில் "4 மி.மீ. வயர்" என்று விற்பது 4 சதுர மில்லிமீற்றர் செம்பு இல்லை. அது பிளாஸ்டிக் தோலோடு சேர்ந்த மொத்த விட்டம். உள்ளே செம்பு 1.84 சதுர மில்லிமீற்றர்தான். "6 மி.மீ." என்று விற்பதில் ஏறத்தாழ 4.6. வீட்டு வயரிங் அட்டவணையைப் பார்த்துக் கார் வயர் வாங்கினால் பாதியும் இல்லாத செம்போடு வீட்டுக்கு வருவீர்கள். 2016இல் நான் அப்படித்தான் வந்தேன்.

அது ஏன் முக்கியம்? பழைய வயரிங்கில் கூரைக்கு 4 மீற்றர், அந்த மெல்லிய வயர். 10 அம்பியர் ஓடினால் போகிற வழியில் மட்டும் 0.37 வோல்ட் தொலையும். இப்போது லைட் பாரைக் கூரையிலிருந்து இறக்கி முன் பம்பருக்கு மேலே பூட்டியிருக்கிறேன். 2 மீற்றர், 6 மி.மீ. வயர். தொலைவது 0.08 வோல்ட். கூரையில் இருந்தபோது பொனட்டில் பட்டுக் கண்ணில் அடித்த வெளிச்சமும் போய்விட்டது.

ஹலஜன் பல்ப் என்றால் வோல்ட் குறையக் குறைய வெளிச்சம் மங்கும், கரண்டும் குறையும். மங்குவதைப் பார்த்தே வயரிங் சரியில்லை என்று பிடித்துவிடலாம். எல்.ஈ.டி அப்படி இல்லை. அதற்குள் ஒரு டிரைவர் சேர்க்கிட் இருக்கு. அது வாட்டை மாறாமல் வைத்திருக்கப் பார்க்கும். 13.8 வோல்ட்டில் 8.7 அம்பியர் இழுத்த அதே லைட், 11 வோல்ட் கிடைத்தால் 10.9 அம்பியர் இழுக்கும். வயர் மோசமானால் லைட் இன்னும் கூட இழுக்கும், வயர் இன்னும் கூடச் சுடும். வெளியில் இருந்து பார்க்க லைட் ஒரு குறையும் இல்லாமல் எரியும்.

ரிலே: நாலு கால், நாலு எண்

பழைய வயரிங்கில் முழுக் கரண்டும் டாஷ்போர்ட் சுவிட்ச் வழியாகப் போனது. இப்போது கபினுக்குள் தடித்த வயரே இல்லை. வேலையை ரிலே செய்கிறது.

ரிலே என்றால் மின்காந்தத்தால் இழுபடுகிற ஒரு சுவிட்ச். காலில் இருக்கிற எண்கள் ஜெர்மன் தரம் ஒன்றிலிருந்து வந்தவை. உலகம் முழுக்க அதேதான். 30 என்பது பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக வருவது. 87 லைட்டுக்குப் போவது. 85, 86 இரண்டும் கொயிலின் இரண்டு முனை. கொயிலின் தடை 90 ஓம் அளவு, அதனால் அது இழுப்பது 0.15 அம்பியர் மட்டும். மெல்லிய வயர் போதும். புரோகிராம் எழுதுகிற ஆட்களுக்குச் சொல்வதென்றால், 85, 86 ஒரு நிபந்தனை. 30, 87 அந்த நிபந்தனை உண்மையானால் நடக்கிற வேலை. இரண்டுக்கும் இடையில் மின் தொடர்பே இல்லை.

சில ரிலேயில் கொயிலுக்குக் குறுக்கே டயோட் இருக்கும். கொயிலை நிறுத்தும்போது எழும்புகிற வோல்ட் துள்ளலை அது விழுங்கும். அந்த வகை ரிலேயில் திசை முக்கியம்: 86 பொசிட்டிவ், 85 நெகட்டிவ். மாறிப் போட்டால் டயோட் வழியாகவே சோர்ட் ஆகும்.

லைட் ஏன் தலைகீழாக எரிந்தது?

ஆஸ்திரேலிய விதிப்படி கூடுதலாகப் பூட்டுகிற டிரைவிங் லைட் ஹை பீமோடு மட்டும்தான் எரிய வேண்டும். லோ பீமுக்கு மாறினால் தானாக அணைய வேண்டும். என்னுடைய 2016 வயரிங் அந்த விதியையும் மீறினதுதான். இந்த முறை ஒழுங்காகச் செய்வோம் என்று, எல்லா வீடியோவிலும் காட்டுகிற மாதிரி, ஹெட்லைட்டின் ஹை பீம் வயரைப் பிடித்து 86க்குக் கொடுத்தேன். 85ஐ எர்த்துக்குக் கொடுத்தேன்.

லோ பீம் போட்டேன். லைட் பார் எரிந்தது. ஹை பீம் போட்டேன். அணைந்தது.

சரியாக எதிர்மாறு. ரிலே பழுது என்று மாற்றினேன். அதே கதை. மீற்றரால் ஹை பீம் வயரைப் பார்த்தேன். ஹெட்லைட் லோவில் இருக்கும்போது 12 வோல்ட். ஹை பீம் போட்டால் கிட்டத்தட்டப் பூச்சியம். எரிகிற லைட்டுக்கு வோல்ட் இல்லை, எரியாத லைட்டுக்கு வோல்ட் இருக்கு. இரண்டு மணித்தியாலம் அப்படியே நின்றேன்.

அப்பா தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, கரண்ட் போறதைத்தான் பாக்கிறாய். அது எப்பிடித் திரும்பி வருது எண்டு பாத்தனியோ?"

அப்பா எஞ்சினியர் இல்லை. ஆனால் 1990க்குப் பிறகு பல வருடம் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் இருந்தவர். சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆட்களில் ஒருவர். உங்கட அப்பா அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கோ, பலருக்கு இந்தக் கதை இருக்கும். சைக்கிள் டைனமோவிலிருந்து லைட்டுக்கு ஒரே ஒரு வயர்தான் போகும். மற்ற வயர் எங்கே? சைக்கிள்தான் மற்ற வயர். கரண்ட் லைட்டுக்கு வயரால் போய், சைக்கிளின் இரும்பு வழியாகத் திரும்பி வரும். காரும் அப்படித்தான், பொடி முழுக்க எர்த்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் விளங்கியது. வழக்கமான காரில் சுவிட்ச் பொசிட்டிவ் பக்கத்தில் இருக்கும்: பற்றரி, சுவிட்ச், பல்ப், எர்த். இந்த லேண்ட்குரூசரில் ஹெட்லைட் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கு: பற்றரி, பல்ப், சுவிட்ச், எர்த். ஹெட்லைட் பல்ப்புக்கு மூன்று கால். ஒன்று பொது, மற்ற இரண்டும் லோவும் ஹையும். பொதுக் காலுக்குப் பொசிட்டிவ் வருகிறது. ஸ்டியரிங் பக்கத்துத் தண்டை நீங்கள் தள்ளும்போது லோ அல்லது ஹை வயர் எர்த்தோடு இணைக்கப்படுகிறது.

லோவில் இருக்கும்போது ஹை பீம் வயர் எர்த்தைத் தொடவில்லை. அதனால் எரியாத இழை வழியாகப் பொசிட்டிவ் அப்படியே அந்த வயரில் தெரிகிறது, 12 வோல்ட். நான் அங்கே 90 ஓம் கொயிலைக் கொடுத்தவுடன், கரண்ட் இழைக்குள்ளால் போய்க் கொயிலை இழுத்துவிட்டது. இழையின் தடை ஒரு ஓமுக்கும் குறைவு, அதனால் அந்தச் சின்னக் கரண்டுக்கு ஹை பீம் மினுங்கக்கூட இல்லை. ஹை பீம் போட்டதும் வயர் எர்த்துக்குப் போகிறது, கொயிலின் இரண்டு முனையும் எர்த்தில், ரிலே விடுகிறது.

ஆர்டுவினோவில் பட்டன் பூட்டினவர்களுக்கு இது தெரிந்த விசயம். புல்அப் போட்ட பட்டனை அழுத்தினால் 0 வரும், விட்டால் 1 வரும். ஆக்டிவ் லோ. அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வண்டியில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை.

தீர்வு சின்னது. கொயிலை எர்த்தோடு சேர்க்காமல், பல்ப்பின் இரண்டு காலுக்கும் குறுக்கே போட வேண்டும். பொதுக் காலின் பொசிட்டிவ் 86க்கு. ஹை பீம் வயர் 85க்கு. லோவில் இருக்கும்போது இரண்டு முனையிலும் 12 வோல்ட். வித்தியாசம் இல்லை, கரண்ட் இல்லை. ஹை பீமில் ஒரு முனை 12, மறு முனை 0. ரிலே இழுக்கும். கொயில் இப்போது ஹை பீம் இழை பார்க்கிற அதே வோல்ட்டைத்தான் பார்க்கிறது, அதனால் இது எர்த் பக்கச் சுவிட்ச், பொசிட்டிவ் பக்கச் சுவிட்ச் எந்த வண்டிக்கும் பொருந்தும். பொசிட்டிவ் பக்க வண்டியில் ஹை பீம் வயர் 86க்கும் பொதுக் கால் 85க்கும் போகும், அவ்வளவுதான் மாற்றம்.

டாஷ்போர்ட் சுவிட்ச் 86க்குப் போகிற வயரில் வரும். அந்தச் சுவிட்சும் விதிப்படி தேவை. அந்த மெல்லிய வயருக்கு அதன் தொடக்கத்திலேயே ஒரு 3 அம்பியர் பியூஸ் போட்டிருக்கிறேன். வண்டியின் ஹெட்லைட் பியூஸ் அங்கே இருக்கிறது, ஆனால் அது தடித்த வயருக்கான அளவு. சின்ன வயருக்குச் சின்னக் காவல்.

அளக்கும்போது ஒரு கவனம்: பல்ப்பைக் கழற்றிவிட்டு வெறும் சொக்கற்றில் அளந்தால் ஹை பீம் வயர் எர்த் பக்க வண்டியில் எப்போதும் 0 வோல்ட்தான் காட்டும், ஏனென்றால் அதற்குப் பொசிட்டிவ் வருவதே பல்ப் வழியாகத்தான். பல்ப் பூட்டியபடி, பின்னால் இருந்து ஊசி நுழைத்து அளவுங்கள். வயர் நிறத்தை வைத்து முடிவு செய்யாதேங்கோ. 30 வருடப் பழைய வண்டியில் உங்களுக்கு முன்னம் எத்தனை பேர் கை வைத்தார்களோ.

திரும்பி வருகிற பாதை

எர்த் வயரைப் பெயின்ட் மேல் முறுக்கி விடுவது எல்லாரும் செய்கிற பிழை. வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, முறுக்கி, பிறகு துருப் பிடிக்காமல் மேலே கிறீஸோ பெயின்ட்டோ பூச வேண்டும். சரியாக இருக்கிறதா என்று ஓம் அளந்து பார்க்க வேண்டாம். மீற்றர் பூச்சியம் என்று சொல்லி ஏமாற்றும். லைட்டை எரியவிட்டு, லைட்டின் நெகட்டிவுக்கும் பற்றரியின் நெகட்டிவுக்கும் இடையில் வோல்ட் பாருங்கள். 0.2க்குக் கீழே இருந்தால் நல்லது. எனக்கு முதல் தரம் 0.9 வந்தது. பெயின்ட் சுரண்டின பிறகு 0.1.

கூடவே வருகிற இரண்டு சின்னத் தலையிடி

இன்டிகேட்டர் பல்ப்பை எல்.ஈ.டிக்கு மாற்றினால் அது இரண்டு மடங்கு வேகத்தில் துடிக்கும். பழைய பிளாஷர் 21 வாட் பல்ப் இழுக்கிற கரண்டைப் பார்த்துத்தான் பல்ப் உயிரோடு இருக்கிறதா என்று அறியும். எல்.ஈ.டி கொஞ்சம்தான் இழுக்கும். பிளாஷர் "பல்ப் போச்சு" என்று நினைத்து வேகமாகத் துடிக்கும். இதற்கு ரெசிஸ்டர் விற்பார்கள். அது பழைய பல்ப்பின் சூட்டைப் பொய்யாக உண்டாக்குவதுதான். பிளாஸ்டிக்குக்குப் பக்கத்தில் கட்டினால் அதுவும் உருகும். எல்.ஈ.டிக்கு ஏற்ற எலெக்ட்ரானிக் பிளாஷரை மாற்றிப் போடுங்கள். வேகம் நிமிடத்துக்கு 60க்கும் 120க்கும் இடையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ரேடியோ. லைட் பார் போட்டதும் யு.எச்.எஃப். ரேடியோவில் 40ஆம் சனல், லொறிக்காரர் கதைக்கிற சனல், இரைச்சலில் மூழ்கிப் போனது. எல்.ஈ.டி டிரைவர் ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை கரண்டை வெட்டி வெட்டி விடும். அந்த வெட்டு வயர் வழியாகப் பரவும். பொசிட்டிவ் வயரையும் நெகட்டிவ் வயரையும் ஒன்றோடு ஒன்று முறுக்கி, அன்டெனா வயரிலிருந்து தள்ளி ஓடவிட்டு, லைட் பக்கத்தில் ஒரு பெரைட் வளையம் போட்டேன். முழுக்கப் போகவில்லை, ஆனால் இப்போது கதை விளங்கும்.

ஹெட்லைட் பல்ப்பை மட்டும் எல்.ஈ.டிக்கு மாற்றவில்லை. அந்தக் கண்ணாடிக் கிண்ணம் ஹலஜன் இழை இருக்கிற சரியான இடத்தை வைத்து வடிவமைத்தது. வேறு வடிவ விளக்கை உள்ளே வைத்தால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். சட்டச் சிக்கலும் இருக்கு. ஹை பீமும் அப்படித்தான்: எதிரே வருகிற வண்டியோ முன்னால் போகிற வண்டியோ 200 மீற்றருக்குள் இருந்தால் இறக்க வேண்டும். லைட் பாரோடு என்றால் நான் அதற்கு எவ்வளவோ முன்னமே இறக்கிவிடுவேன். கனடா, இங்கிலாந்து, நோர்வே வாசகர்கள் உங்கட இடத்து விதியைப் பார்த்துச் செய்யுங்கோ.

செய்கிற ஒழுங்கு

1. முதல் வேலை பற்றரியின் நெகட்டிவைக் கழற்றுவது. கடைசி வேலை அதைத் திரும்பப் பூட்டுவது.
2. லைட் உண்மையில் எத்தனை அம்பியர் இழுக்கிறது என்று அளந்து, அதற்கு வயர், அதற்குப் பியூஸ்.
3. பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ். பிறகு ரிலேயின் 30. 87இலிருந்து லைட்.
4. பல்ப் பூட்டியபடி ஹை பீம் வயரை லோவிலும் ஹையிலும் அளந்து, சுவிட்ச் எந்தப் பக்கம் என்று அறிந்து, கொயிலைப் பல்ப்பின் கால்களுக்குக் குறுக்கே இணைக்கவும்.
5. இரும்பு ஓட்டை எதற்குள்ளால் வயர் போனாலும் ரப்பர் வளையம், அதற்கு மேல் நெளிகுழாய்.
6. இணைப்புகளை முறுக்கி டேப் சுற்ற வேண்டாம். சரியான கருவியால் நசுக்கி, பசை உள்ள சுருங்குகுழாய் போடவும்.
7. அரை மணித்தியாலம் எரியவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பார்க்கவும். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் அந்த இணைப்பைத் திரும்பச் செய்யவும்.

இந்த வாரம் ஒரு வேலை

உங்களில் முக்கால்வாசிப் பேரிடம் லேண்ட்குரூசர் இல்லை. ஆனால் டாஷ்காம் இருக்கும். பூட்டில் சப்வூஃபர் இருக்கும். "தெரிஞ்ச ஆள் ஒருவர்" ஒரு சனிக்கிழமை பூட்டிக் கொடுத்த ரிவர்ஸ் கமரா அப்பாவின் காரில் இருக்கும். அதற்கெல்லாம் ஒரே சோதனை போதும், இரண்டு நிமிடம் பிடிக்கும். பொனட்டைத் திறந்து, பற்றரி பொசிட்டிவ் முனையில் புதிதாகச் சேர்த்த வயர் ஒவ்வொன்றையும் விரலால் பின்தொடருங்கள். ஒரு சாணுக்குள் பியூஸ் வருகிறதா? வந்தால் அதைக் கழற்றி, அங்கால இருக்கிற வயர் முழுக்கச் செத்துவிட்டதா என்று மீற்றரால் பாருங்கள். பியூஸ் வராமலே வயர் தகட்டுக்குள் நுழைந்தால், அதைச் சரிப்படுத்தும் வரைக்கும் பற்றரியிலிருந்து கழற்றி வையுங்கோ.

புது வயரிங் முடிந்த அன்று அப்பா இதே சோதனையைத்தான் செய்தார். ஒன்றும் சொல்லவில்லை. பியூஸைக் கழற்றி, சுவிட்சைப் போட்டுப் பார்த்து, திரும்பப் பூட்டினார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். 10 மில்லிமீற்றர் ஸ்பானர் இன்னும் கதவுப் பொக்கற்றில்தான் இருக்கிறது. இப்போது மற்றக் காரிலும் ஒன்று வைத்திருக்கிறேன்.

சோதனையில் என்ன கண்டீர்கள் என்று இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ. படம் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த எபிசோட்டில் கதைப்போம்.